ஒவ்வொரு புள்ளிக்கும் தனிச் சாவி: வாசகர் கேள்வி பதில்

நம் பெயர், எண், படம், கைரேகை எல்லாம் இணையத்தில் யார் கைக்குப் போகின்றன என்று கேட்டுச் செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதனால் எல்லாருக்கும் ஊர்ப் பெயர் மட்டும்.

கேள்வி (காரைக்குடி வாசகி): லாட்ஜ், சிம் கடை, கல்யாண மண்டபம் என்று கேட்ட இடத்திலெல்லாம் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தாகிவிட்டது. இனிமேலாவது கொடுக்காமல் இருக்க முடியுமா?

பதில்: முடியும். லாட்ஜில் கேட்பது அடையாளச் சான்று. அது ஆதாராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எது கொடுத்தாலும் செல்லும். ஆதார் எண்ணோடு வங்கிக் கணக்கும் கைரேகையும் கோத்துக் கிடப்பதால் அதைக் கடைசியாக நீட்டுவதே நல்லது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க இடம் தந்த, ஆதார் சட்டத்தின் 57வது பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் நீக்கியது. அதற்குப் பிறகு வந்த 2019 திருத்தமும், மனமொப்பிக் கொடுப்பவரிடம் வாங்கிக்கொள்ளத்தான் வழி செய்தது.

ஆதார்தான் வேண்டும் என்று நின்றால் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். அதில் 12 இலக்கத்தில் முதல் 8 மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். பெயர், படம், முகவரி எல்லாம் இருக்கும். 'மை ஆதார்' தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போய், டவுன்லோடு பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் 'மாஸ்க்டு ஆதார் வேண்டுமா' என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அதை மறந்தால் முழு எண்ணோடுதான் கோப்பு இறங்கும். கோப்பைத் திறக்கும் பாஸ்வேர்டு, ஆதாரில் உள்ள ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்துகள் (பெரிய எழுத்தில்), அதை அடுத்துப் பிறந்த ஆண்டு. நம் பக்கத்தில் பலர் தடுக்கி விழும் இடம் இது. முன்னெழுத்து பெயருக்கு முன்னால் அச்சாகியிருந்தால் அதுவும் அந்த நான்கில் சேரும். அதன் பின்னால் உள்ள புள்ளியும் ஒரு எழுத்தாகச் சேரும். இடைவெளி மட்டும் சேராது.

ஜெராக்ஸ் கடை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி பிரிண்ட் எடுப்பதுதான் இப்போது வழக்கம். ஊரில் பாதிப் பேரின் ஆதாரும் பட்டாவும் பாஸ்போர்ட் படமும் அந்த ஒரே கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். கடைக்காரர் நல்லவராக இருக்கலாம். நாளைக்கு அந்தக் கணினியைப் பழுதுபார்க்க வருபவரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? படமாக எடுத்து அனுப்பாமல், பாஸ்வேர்டு உள்ள கோப்பாகவே அனுப்பி, பாஸ்வேர்டை நீங்களே தட்டி, பிரிண்ட் வந்ததும் வாட்ஸ்அப்பில் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுங்கள். கணினியில் இறங்கிவிட்ட நகல் அதனால் அழியாது. டவுன்லோட்ஸிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழிக்கச் சொல்லி, நின்று பார்த்துவிட்டு வாருங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. கொடுக்கும் காகித நகலில், எண்ணின் மேலேயே படும்படி, எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது பழைய வழக்கம்தான். இன்றைக்கும் பயன்படுகிறது.

கேள்வி (தேவகோட்டை வாசகி): எங்கள் அப்பத்தாவுக்கு 78 வயது. ரேஷன் கடையிலும், பணம் எடுத்துக் கொடுக்க வருபவரிடமும் கைரேகை வைக்கிறார். கைரேகையை வைத்துப் பணத்தைத் திருடுகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறைக்கு ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை மூன்றும் போதும். ஓடிபி கேட்காது, பின் நம்பர் கேட்காது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று செய்ததுதான். பத்திரப் பதிவு ஆவணங்களில் பதிந்த ரேகையைப் பார்த்து ரப்பர் அச்சு செய்து பணம் எடுத்த வழக்குகள் வேறு மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன.

இதற்கு ஆதார் தளத்திலோ ஆதார் செயலியிலோ 'லாக் பயோமெட்ரிக்ஸ்' போட்டுவிடுங்கள். பூட்டிய பிறகு யார் ரேகை வைத்தாலும் 330 என்ற பிழை எண் வந்து நின்றுவிடும். ஆதாரோடு செல்போன் எண் இணைந்திருந்தால்தான் இதைச் செய்ய முடியும். இணையவில்லை என்றால் முதலில் சேவை மையத்துக்குப் போய் இணைக்க வேண்டும். அப்பத்தாவிடம் செல்போன் இல்லாவிட்டால் வீட்டில் எப்போதும் இருப்பவர் எண்ணைக் கொடுங்கள். வெளியூரில் இருக்கும் பேரன் எண் வேண்டாம். ஓடிபிக்காக அவனைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

பூட்டு போட்டால் ரேஷன் கடையிலும் ரேகை விழாது. அதனால் பலர் ஒரு மாதத்திலேயே அலுத்துப்போய்ப் பூட்டை எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம் திறந்திருந்து தானாகப் பூட்டிக்கொள்ளும். கடையில் வரிசை நெருங்கியதும் திறந்தால் போதும். ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கும்போதும் இதையே செய்ய வேண்டும். முகத்தைக் காட்டிச் சான்று எடுத்தாலும் இந்தப் பூட்டு தடுக்கும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் பேசுங்கள். பிறகு வங்கிக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியார் செய்த மோசடியாக இருந்து, வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் தெரிவித்திருந்தால் நட்டம் உங்களைச் சேராது என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை சொல்கிறது. அதனால்தான் அப்பத்தாவின் கணக்குக்கு எஸ்எம்எஸ் வருகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தகவலே வராத கணக்கில் இந்த 3 நாளை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி (கானாடுகாத்தான் வாசகர்): பங்காளிகள் சேர்ந்து பெரிய வீட்டுக்கு சிசிடிவி போட்டிருக்கிறோம். வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும். கேமராவையே வெளியார் பார்க்க முடியும் என்கிறார்கள். எதைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்: முதலில் பார்க்க வேண்டியது, கேமரா யார் பெயரில் இருக்கிறது என்பதை. மாட்டிக் கொடுத்தவர் அவசரத்துக்குத் தன் செல்போன் எண்ணில் கணக்கைத் தொடங்கி, கருவியை அதில் சேர்த்துவிட்டு, உங்களுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் பகிர்ந்திருப்பார். செயலியைத் திறந்து கருவியின் விவரத்தைப் பாருங்கள். 'ஷேர்டு' என்று இருந்தால் உரிமையாளர் நீங்கள் அல்ல. அவர் கணக்கிலிருந்து கருவியை நீக்கச் சொல்லி, உங்கள் கணக்கில் புதிதாகச் சேருங்கள். அவர் நீக்காமல் உங்களால் சேர்க்க முடியாது.

அடுத்தது பாஸ்வேர்டு. கேமரா காட்சிகளைச் சேமிக்கும் பதிவுப் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு, கடைக்காரர் எல்லா வீட்டுக்கும் போடும் அதே பாஸ்வேர்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 12 எழுத்துக்குக் குறையாமல் மாற்றுங்கள். ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்டு தனி, வைஃபை பாஸ்வேர்டு தனி. இரண்டையும் மாற்ற வேண்டும். ரௌட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்', 'யுபிஎன்பி' இரண்டும் அணைந்திருக்கட்டும். இவை திறந்திருந்தால் இணையத்தில் கதவு தட்டிப் பார்க்கும் நிரல்களுக்கு உங்கள் பெட்டி நேராகத் தெரியும். செயலி வழியாகப் பார்ப்பவர்களுக்கு இவை தேவையே இல்லை.

பங்காளிகள் பத்துப் பேருக்கும் ஒரே பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவைப்பதுதான் பெரிய ஓட்டை. ஒருவர் போன் தொலைந்தால் எல்லாருக்கும் மாற்ற வேண்டும். யாரும் மாற்ற மாட்டார்கள். ஒருவர் பெயரில் கணக்கு இருக்கட்டும். மற்றவர்களுக்கு அவரவர் எண்ணுக்குப் பார்க்கும் அனுமதியை மட்டும் பகிருங்கள். ஒருவரை எடுக்க வேண்டுமானால் அவரை மட்டும் எடுக்கலாம்.

சேமிப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 21 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே வரும். நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் 11 நாள்தான் தங்கும், பிறகு பழையதன் மேலேயே எழுதும். மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பவர்களுக்கு இது போதாது. 4 டிபி போடுங்கள், அல்லது அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வையுங்கள். நாளும் நேரமும் சரியாக ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். நீண்ட மின்தடைக்குப் பிறகு கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விட்டால் அந்தப் பதிவைப் போலீஸில் காட்டி விளக்க வேண்டியிருக்கும். பதிவுப் பெட்டியை முகப்பிலோ, அதை ஒட்டிய மேடைக் கூடமான பட்டாலையிலோ வைத்தால் திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். வளவுக்குள் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) பூட்டிய அறையில், காற்றுப் போக்கு உள்ள இடத்தில் வையுங்கள்.

கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று வீடு திறந்து சொந்தமெல்லாம் தங்கும் நாட்களில் வளவைப் பார்க்கும் கேமராவைத் துணியால் மூடுங்கள், அல்லது இணைப்பை எடுத்துவிடுங்கள். பெண்கள் நடமாடும் இடத்தை எங்கோ உட்கார்ந்து பத்து போன்களில் பார்க்கும் நிலை வரக்கூடாது. வெளிக் கேமரா பக்கத்து வீட்டுச் சன்னலைப் பார்த்தால் 'பிரைவஸி மாஸ்க்' என்ற அமைப்பில் அந்தப் பகுதியைக் கறுப்பாக்கலாம்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் ஒரு தகவல். 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். அந்தச் சோதனைக்கான எஸ்டிக்யூசி சான்று உள்ள மாடலா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

கேள்வி (கோட்டையூர் வாசகர்): என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. நான் ஏன் இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டும்?

பதில்: நம் பெரிய வீடுகளில் ஒரே வளவுக்குள் அண்ணன் தம்பிகள் எல்லாரும் இருந்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான ஒவ்வொரு தம்பதியின் குடும்பத்துக்கும்) தனி வீடு (அறை), தனிப் பூட்டு, தனிச் சாவி. களவாடியதை ஒளிக்கவா பூட்டினார்கள்? அவரவர் பொருளுக்கு அவரவர் பொறுப்பு என்பதற்காகப் பூட்டினார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அரசியல் சட்டத்தின் 21வது பிரிவோடு சேர்ந்த அடிப்படை உரிமை என்றார்கள். வழக்குத் தொடுத்தவர் கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி. மறைக்க வேண்டியது இருப்பவருக்கு மட்டும்தான் இந்த உரிமை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

கேள்வி (பள்ளத்தூர் வாசகி): மகளுக்கு வரன் பார்க்கிறோம். ஜாதகமும் பயோடேட்டாவும் படமும் ஐந்தாறு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருக்கிறோம். இப்போது தெரியாத எண்களிலிருந்து அவளுக்கே போன் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஒரே தாளில் எல்லாவற்றையும் போடுவதுதான் சிக்கல். பிறந்த தேதி, நேரம், அம்மா பெயர், ஐயா பெயர், விலாசம், செல் எண், வேலை பார்க்கும் நிறுவனம், சம்பளம். வங்கியின் உதவி எண்ணில் ஆளைச் சரிபார்க்கக் கேட்கும் விவரங்களில் பாதி அங்கேயே இருக்கிறது.

இரண்டு தாளாகப் பிரியுங்கள். குழுவில் போடும் முதல் தாளில் கோவில் (எந்த நகரக் கோவிலைச் சேர்ந்த குடும்பம் என்பது), அதன் பிரிவு, நட்சத்திரம், வயது, படிப்பு, எந்த மாதிரி வேலை, எந்த ஊர், பெற்றோர் எண் ஒன்று. கோவிலும் பிரிவும் தெரிந்தாலே பங்காளியா இல்லையா என்பது தெரிந்துவிடும். நட்சத்திரம் தெரிந்தால் முதல் கட்டப் பொருத்தமும் பார்த்துவிடலாம். ஜாதகக் கட்டம், படம், விலாசம் எல்லாம் இரண்டாம் தாளில். பேசி, ஒத்துவரும் என்று தோன்றியவருக்கு மட்டும் நேராக அனுப்புங்கள்.

"பிறந்த தேதியை அழித்துவிட்டுக் கட்டத்தை மட்டும் போடுகிறோம்" என்று சிலர் செய்கிறார்கள். அது மறைத்ததாகாது. சனியும் குருவும் ராகுவும் நிற்கும் இடத்தை வைத்து ஆண்டைப் பிடிக்கலாம், சூரியனை வைத்து மாதம், சந்திரனை வைத்து நாள், லக்னத்தை வைத்து ஏறத்தாழ நேரம். கட்டம் என்பதே தேதியை வேறு எழுத்தில் எழுதியதுதான்.

படத்தின் குறுக்கே, அனுப்பப்படும் குடும்பத்தின் பெயரையும் தேதியையும் மெல்லிய எழுத்தில் போட்டு அனுப்பினால், எங்காவது வெளியே வந்தால் யாரிடமிருந்து போனது என்று தெரியும். கோப்புக்கு மகளின் முழுப் பெயரை வைக்காதீர்கள். வரன் விஷயத்துக்கென்றே ஒரு தனி எண் வைத்துக்கொள்வது மிக நல்லது. ஒரே ஆண்ட்ராய்டு போனில் இரண்டு வாட்ஸ்அப் கணக்கு வைக்கலாம். வரன் அமைந்ததும் அந்த எண்ணை நிறுத்திவிடலாம்.

மகளின் போனில் வாட்ஸ்அப் பிரைவஸி பகுதியில் புரொஃபைல் படம், 'லாஸ்ட் சீன்', குழுவில் சேர்க்கும் அனுமதி மூன்றையும் 'மை காண்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். 'சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்' போட்டால் தெரியாத வாட்ஸ்அப் அழைப்பு மணி அடிக்காது. சாதாரண அழைப்புக்கு இது உதவாது. படத்தை யாராவது திரித்துப் பயன்படுத்தினால் சைபர்கிரைம் தேசிய தளத்தில் புகார் கொடுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான இத்தகைய புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். மகள்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதை முதலில் அவளிடம் சொல்லுங்கள்.

கேள்வி (காரைக்குடி, கல்லூரி மாணவர்): வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம், அரட்டை. இவற்றில் எது பாதுகாப்பானது?

பதில்: அனுப்புகிறவர், பெறுகிறவர் தவிர நடுவில் நிறுவனம்கூடப் படிக்க முடியாத முழுப் பூட்டு எதில் இருக்கிறது என்று கேளுங்கள். சிக்னலில் எல்லாவற்றுக்கும் உண்டு. வாட்ஸ்அப்பில் 2016 முதல் தனிச் செய்திக்கும் குழுவுக்கும் உண்டு, சிக்னலின் முறைதான். டெலிகிராமில் சாதாரண உரையாடலுக்கும் குழுவுக்கும் கிடையாது. இருவருக்கிடையே 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் தொடங்கினால் மட்டும் உண்டு. அரட்டை 2025ல் திடீரென்று பரவியபோது அழைப்புகளுக்கு அந்தப் பூட்டு இருக்கிறது, எழுத்துச் செய்திக்கு இல்லை என்ற விமர்சனம் எழுந்தது. அதன் பிறகு நீங்கள் வைத்திருக்கும் பதிப்பில் என்ன இருக்கிறது என்று செயலிக்குள் பார்த்து முடிவெடுங்கள். தமிழ்ப் பெயர் வைத்த செயலி என்ற பெருமையும் இந்தப் பூட்டும் வேறு வேறு விஷயங்கள்.

வாட்ஸ்அப்பில் செய்தி பூட்டியிருந்தாலும் யார், யாரோடு, எப்போது பேசினார் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். சிக்னல் அதையும் மிகக் குறைவாகவே வைத்துக்கொள்கிறது. 2024 முதல் செல் எண்ணைக் காட்டாமல் பயனர் பெயரை வைத்தும் பேசலாம். ஆனால் ஆயாவையும் அம்மானையும் சிக்னலுக்கு இழுத்து வருவது நடக்காத காரியம். குடும்பத்துக்கு வாட்ஸ்அப்பையே வைத்துக்கொண்டு அதைச் சரியாகப் பூட்டுங்கள். 6 இலக்க 'டூ ஸ்டெப்' பின் போடுங்கள். 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள். நெட் சென்டரில் திறந்துவிட்டு மறந்தது அங்கே இருக்கலாம். கூகுள் டிரைவுக்குப் போகும் பேக்கப்புக்கு முழுப் பூட்டு தானாக வராது, நீங்கள்தான் போட வேண்டும். அந்தப் பாஸ்வேர்டையோ 64 இலக்கச் சாவியையோ தொலைத்தால் பழைய உரையாடல் திரும்பாது. நோட்டில் எழுதிப் பெட்டகத்தில் வையுங்கள்.

கேள்வி (புதுவயல் வாசகர்): வேலைக்காகச் சிங்கப்பூர் போகிறேன். ஊர் எண்ணை வைத்துக்கொள்வதா, விடுவதா?

பதில்: வங்கி, ஆதார், மின்னஞ்சல், கூகுள் எல்லாம் அந்த எண்ணில் இருக்கும்வரை விடாதீர்கள். பிரீபெய்டு எண்ணை 90 நாள் எதற்கும் பயன்படுத்தாமல், இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே போனால் இணைப்பைத் துண்டிக்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. துண்டித்த எண் கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்குப் போகும். உங்கள் ஓடிபி அவர் போனில் மணி அடிக்கும். அவர் ஒன்றும் தப்பு செய்யாவிட்டாலும், உங்கள் கணக்குக்கு நீங்களே வெளியாள் ஆகிவிடுவீர்கள்.

விமானம் ஏறுவதற்கு முன் சர்வதேச ரோமிங்கைச் செயல்படுத்துங்கள். அங்கே போய் அதைச் செய்ய முயன்றால், அதற்கான ஓடிபியே வராது. இரண்டு சிம் போனில் இந்திய சிம்மை எஸ்எம்எஸுக்கு மட்டும் விட்டு, டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். கூகுள் கணக்குக்கு, எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் செயலி போட்டு, 8 இலக்க பேக்கப் குறியீடுகள் பத்தையும் தாளில் எடுத்துச் செல்லுங்கள். குடியிருப்பு மாறியதும் வங்கிக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக ஆக்க வேண்டும். அப்போது சிங்கப்பூர் எண்ணையே பதிந்து யுபிஐ பயன்படுத்தவும் வழி உண்டு. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று போகுமுன் கேளுங்கள்.

கேள்வி (திருப்பத்தூர் வாசகி): இணையத்தில் புனைபெயரில் எழுதுவது சட்டப்படி தவறா?

பதில்: தவறில்லை. சிறுகூடல்பட்டி முத்தையா, கண்ணதாசனாக எழுதிய மண் இது. பிறர் பெயரில் ஆள்மாறாட்டம் செய்வதும், பெயருக்குப் பின்னால் நின்று பிறரைத் துன்புறுத்துவதும்தான் குற்றம். முகநூல் அன்றாடம் அழைக்கப்படும் பெயரைக் கேட்கிறது, இன்ஸ்டாகிராமும் எக்ஸும் கேட்பதில்லை. புனைபெயருக்குத் தனி மின்னஞ்சல் தொடங்குங்கள். செல்போனின் தொடர்புப் பட்டியலைப் பதிவேற்ற அனுமதி கொடுக்காதீர்கள். கொடுத்தால் உங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அந்தக் கணக்கு 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று போய் நிற்கும். புனைபெயர் வெளிப்படுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): பஸ் ஸ்டாண்டில் போன் தொலைந்தால் முதலில் என்ன செய்வது?

பதில்: வேறு போனிலிருந்து சிம்மை முடக்குங்கள். அடுத்தது வங்கிக்குச் சொல்லி யுபிஐயை நிறுத்துவது. கூகுளின் சாதனம் தேடும் பக்கத்தில் போய்ப் போனைப் பூட்டுங்கள், கிடைக்காது என்று தெரிந்தால் அதில் உள்ளதை அங்கிருந்தே அழித்துவிடுங்கள். பிறகு போலீஸ் புகார், மாற்று சிம். புதிய சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. அது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு, பயப்பட வேண்டாம். புகார் நகலோடு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயைக் கொடுத்தால் அந்தப் போன் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் அதே தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது அல்லாததை அங்கேயே தெரிவிக்கலாம்.

தொலைவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ வரும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண். எழுதி வையுங்கள். இன்னொன்று, பலரும் செய்யாதது, சிம்முக்கே ஒரு பின். போன் பூட்டியிருந்தாலும் திருடன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்கிவிடுவான். செக்யூரிட்டி அமைப்பில் 'சிம் லாக்' போட்டால் அது நடக்காது. முதலில் நிறுவனம் வைத்திருக்கும் பின்னைக் கேட்கும். அதை உதவி எண்ணில் கேட்டுத் தெரிந்துகொண்டு தட்டுங்கள், ஊகித்துத் தட்ட வேண்டாம். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அந்தப் பூட்டைத் திறக்கும் பியூகே எண்ணைக் கேட்கும். பியூகேயைப் பத்து முறை தவறாகத் தட்டினால் அந்த சிம் செத்துவிடும், புதிது வாங்க வேண்டியதுதான்.